பவளம் செடியா, பிராணியா?

நாம் முருகைக்கல் என வழங்கும் கற்பவளமும், அணிகலனாகும் செம்பவளமும் ஒருகாலத்திற் கடற்செடிகளாகவே எண்ணப்பெற்றன. 1706 ஆம் ஆண்டில் மார்சிலிப் பிரபு, பிரான்சின் தென்கரையில் எடுத்த செம்பவளக் கிளையைக் கடல்நீர்ப் பாத்திரத்தில் இட்டு நோக்கினார். எட்டிதழ் வெண்பூக்கள் மலர்ந்தன. செடியே என அறிஞர் முடிவுசெய்தனர்.

மார்செய் நகர வைத்தியர் பெய்சொன்னெல் அம்முடிபையே முதலில் ஏற்றவர். 1725 இல் வட ஆபிரிக்கக் கரையில் அவரும் பாத்திரத்திற் பவளம் இட்டார். நீரை இலேசாகச் சூடாக்கியபோது ‘பூக்கள்’ விரிந்தன. இதழெனத் தோன்றியவை ஒரு சிற்றுயிரின் கைகளாயிருந்தன! இதனை அவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். அங்கே பேரறிஞர் ரேயோமூர் 1727 இல் அக்கருத்தை மறுத்துரைத்தார். எழுதியவர் பெயரைமட்டும் வெளியிடவில்லை. நகைப்பினின்றும் அவரைக் காக்கவே அவ்வாறு செய்தாராம். அத்தகைய காப்பை யார் கேட்டார்?

பெய்சொன்னெல் குவாடலூப் தீவிற்குப் போய்விட்டார். 1740 இல் டிராம்ப்ளே நன்னீர்ப் பொலிப்பை ஆராயத் தொடங்கிய பின்னரே ரேயோமூரின் மனம் மாறியது. 1742 இல் தம் நூலிற் பெய்சொன்னெலுக்குரிய பெருமையை அளித்தார்.

இன்று வீட்டுக் கண்ணாடித் தொட்டியிற் பவளம் வளர்ப்போரும் அக்கைகளையே நோக்குகின்றனர். எட்டாயின் செம்பவளத்தின் உறவு. ஆறு அல்லது ஆறின் மடங்காயின் கற்பவளமாகலாம், அடியிற் சுண்ணக்கூடும் இருத்தல் வேண்டும். அக்கூட்டைக் கட்ட நீரிலே கல்சியம் குறையலாகாது. பல இனங்களுக்கு, உடலில் உறையும் நுண்பாசியின்பொருட்டு ஒளியும் வேண்டும். வழக்கமாக விரியும் கைகள் நாட்கணக்காய் ஒடுங்கிக் கிடப்பின், முதலிற் சோதிக்கவேண்டியது நீரையே.