கைமடிப் பிள்ளைகளும் அறநெறித் தாளும்

2013 டிசம்பரில் குடிமைப் பணி முதன்மைத் தேர்வு எழுதியவர்களுக்கு முதன்முறையாக அறநெறித் தாள் ஒன்று வந்தது. 250 மதிப்பெண். அதில் ஒரு கேள்வி சிவகாசியைப் பற்றியது. வீட்டோடு சேர்ந்த பட்டாசுப் பட்டறை ஒன்றுக்குப் போகிறீர்கள். 14 வயதுகூட ஆகாத பத்துப் பதினைந்து பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள்தான் என்கிறார் முதலாளி. அதைக் கேட்டுச் சில பிள்ளைகள் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். இப்போது உங்கள் நிலை என்ன?

அந்தச் சிரிப்பைக் கேள்விக்குள் வைத்தவர் கெட்டிக்காரர். திருப்பூர்க்காரர்களுக்கு அது வெறும் தேர்வுக் கேள்வியாக இருந்திருக்காது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நின்று, தைத்த துண்டுகளைப் பிரித்து மடித்துக் கொடுக்கும் ஆளுக்குக் கைமடி என்று பெயர். ஏற்றுமதி சூடுபிடித்த 1990-களில் அப்படி நின்றவர்களில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் நிறைய. 'சொந்தக்காரப் பையன்' என்ற பதில் அந்த ஊருக்கும் புதிதல்ல.

இப்படி 'நீ யார்?' என்று தேர்வு கேட்பது பழைய வழக்கம்தான். கேட்கும் விதம் மாறியிருக்கிறது. 1854-இல் மெக்காலே குழு சிபாரிசு செய்த போட்டித் தேர்வு, படிப்பை அளந்தது. 1917-இல் பிரிட்டனின் லீத்ஸ் குழு வாய்மொழித் தேர்வையும் சேர்க்கச் சொன்னது. ஆளை நேரில் உட்காரவைத்து எடைபோடும் பழக்கம் அப்படி வலுப்பெற்றது.

அந்தத் தராசு எப்படிப்பட்டது என்பதற்கு 1950-ஆம் ஆண்டுத் தேர்வு போதும். பட்டியல் சாதியிலிருந்து முதல் ஐ.ஏ.எஸ். ஆன அச்சுதானந்த தாஸ், மொத்தத்தில் முதலிடம் பிடித்த சென்னைக்காரர் என்.கிருஷ்ணனைவிட எழுத்துத் தேர்வில் அதிகம் எடுத்திருந்தார். நேர்முகத்தில் 300-க்குக் கிருஷ்ணனுக்கு 260, தாஸுக்கு 110. ஆளுமை என்று எதை அளந்தார்கள் என்பதை அந்த இடைவெளியே சொல்கிறது.

இப்போது மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275. 'நீ யார்' என்ற கேள்வியில் ஒரு பங்கு தாளுக்கு இறங்கியிருக்கிறது. உணர்வுசார் நுண்ணறிவு என்றால் என்ன, அதை எப்படி வளர்ப்பது என்று 2013-இலேயே கேட்டார்கள். உங்கள் நடத்தையில் தாக்கம் செலுத்திய ஆளுமை யார், அவர் சொன்னதை உங்கள் வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடித்தீர்கள் என்று அடுத்த ஆண்டு கேட்டார்கள். காந்தி, கலாம் என்று நோட்ஸில் தயாராக இருக்கும் பதிலை எழுதலாம். பலரும் அதைத்தான் எழுதுகிறார்கள். 1932-இல் தடியடிபட்டு இறந்த திருப்பூர் கொடிகாத்த குமரனின் ஊர்க்காரர் குமரனை எழுதினால்கூட, கேள்வியின் இரண்டாம் பாதி அப்படியே நிற்கும்: நீ என்ன செய்தாய்?

நேர்முகத்துக்கு முன் நிரப்பும் விரிவான விண்ணப்பத்தில் ஊர், பெற்றோரின் தொழில், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். நேர்முக வாரியத்தினர் பல கேள்விகளை அங்கிருந்து எடுப்பார்கள். அதனால் திருப்பூர்ப் பிள்ளைகள் ஊர் வரலாற்றையும் மனப்பாடம் செய்கிறார்கள்: 1920-களில் பின்னலாடைத் தொழில் வந்தது, 1978 வாக்கில் இத்தாலிக்கு வெள்ளை பனியன் போனது, 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது, 2009-இல் தனி மாவட்டமானது.

சிக்கல் ஊரின் நொய்யல் ஆற்றில் இருக்கிறது. சாயக்கழிவு நீர் ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு 'இரு தரப்பையும் கருத்தில் கொண்டு' என்று தொடங்குவது பயிற்சி மையத்து வழி. அப்பா பட்டறையில் வேலை பார்த்து, தாத்தாவின் கிணறு ஆற்றோரமாக இருந்த ஒருவரிடம் அந்த இரு தரப்பும் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கும். மூடியது சரியா என்று வாரியம் கேட்டால், எந்த நோட்ஸிலும் இல்லாத அந்த வீட்டுச் சண்டையைத்தான் அவர் முதலில் எடுத்துவைக்க வேண்டும்.