இரண்டாம் போகம்

குறுவை அறுத்த வயலில், தாளை மடக்கி உழுது மறுபடியும் நடுவதைத் தாளடி என்போம். குறுவை சீக்கிரம் கைக்கு வந்துவிடும். தாளடி அப்படியல்ல. ஒரு போகம் கொடுத்துக் களைத்த மண். தலைக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. அது நன்றாக விளைந்தால்தான் குடியானவன் கெட்டிக்காரன்.

சென்ற மார்கழியில் என் தம்பி மகன், "பெரியப்பா, இதைக் கேளுங்க. ஆனா திட்டக் கூடாது" என்று ஓர் இசைத் தொகுப்பைப் போட்டான். கொச்சியில் 1996-ல் தோன்றிய 'மதர்ஜேன்' என்ற ஹார்ட் ராக் கோஷ்டி 2008-ல் வெளியிட்ட இரண்டாவது தொகுப்பு. பெயர் 'மக்தூப்', 'எழுதப்பட்டது' என்று அரபியில் பொருள். பாட்டு இங்கிலீஷ். டிரம்ஸ் இடித்தது. நான் எழுந்து போக நினைத்தபோது கிதார் பேசியது. பைஜு தர்மஜன் என்பவர் வாசிப்பு. தந்தியை வளைத்தும் விரலை வழுக்கியும் ஸ்வரத்தை அசைக்கிறார். சந்தேகமில்லை, கமகம்தான்! உட்கார்ந்துவிட்டேன்.

இவர்களுடைய முதல் தொகுப்பையும் பிறகு கேட்டேன். சாமர்த்தியம் இருக்கிறது, என் காதுக்கு அது மேல்நாட்டுச் சரக்காகவே பட்டது. இரண்டாவதில்தான் ஊர் தெரிகிறது.

இது நமக்குப் புதிதா? சரபோஜி மன்னர் காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு பாண்டு முழங்கியிருக்கிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி, சென்னையில் ஐரோப்பிய முறையில் பிடில் கற்றார். கற்றதை அப்படியே வாசித்திருந்தால் அது வேடிக்கைப் பொருளாகவே நின்றிருக்கும். நம் கமகத்துக்கு அதைப் பழக்கினார். தீக்ஷிதரின் சீடர், தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, பிடிலோடு திருவனந்தபுரம் போனார். ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியை நினைக்க முடிகிறதா?

கருவி கடல் தாண்டி வருவது முதல் போகம். அது நம் மண்ணில் வேர் விடுவது இரண்டாவது. பிடிலுக்கு நடந்ததுதான் கிதாருக்கும் நடக்கிறது.

இதில் எனக்கும் ஒரு சொந்தக் குறை உண்டு. என் முதல் நாவலைப் புகழ்ந்தார்கள். பயந்துபோய், இரண்டாவதிலும் அதே அக்ரஹாரம், அதே ஆற்றங்கரை, அதே கண்ணீரை வைத்தேன். விதைநெல்லையே சமைத்துப் பரிமாறினேன் என்று சொல்ல வேண்டும். வாசகர்கள் பெருந்தன்மையோடு சாப்பிட்டார்கள். அந்தக் கொச்சிக்காரர்களோ பல வருஷம் காத்திருந்து, முதல் தொகுப்பைத் திருப்பிச் செய்யாமல், காலடி மண்ணைக் கிளறியிருக்கிறார்கள்.

"சத்தம் ஜாஸ்தி இல்லியா, பெரியப்பா?" என்றான் பையன்.

தெருமுனையில் சுவாமி புறப்பாடு. தவில் காதைப் பிளந்துகொண்டிருந்தது.

"நம்ம ஊர்ல சத்தத்தைப் பத்தி யாருடா பேசறது? முதல்லேருந்து போடு" என்றேன்.