மட்டக்களப்பு வாவிப் பகுதியில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும்

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஆயினும் நாடு தழுவிய மமோகிராம் பரிசோதனைத் திட்டம் இங்கு இல்லை. அதை உடனே பெருங்குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. இயந்திரம் வந்தாலும் படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவரும், சந்தேகமான கட்டியின் திசுவைச் சோதிக்கும் ஆய்வுகூடமும் இல்லாவிட்டால் பயனில்லை. உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையொட்டியதே: நோயாளரில் 60 சதவீதத்தினரையாவது முதலிரு கட்டங்களில் கண்டறிதல், 60 நாட்களுக்குள் நோயை உறுதிசெய்தல், 80 சதவீதத்தினரேனும் சிகிச்சையை முடித்தல்.

கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மும்பையில் நல்ல சான்றுண்டு. டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் ஏறத்தாழ 1,51,000 பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இரண்டாண்டுக்கொருமுறை மார்பகங்களைப் பரிசோதித்தனர். 50 வயதைக் கடந்தோரிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இளையோரிடம் அத்தகைய பயன் தெரியவில்லை. 2021இல் வெளிவந்த இம்முடிவு இலங்கைக்கும் பொருந்தும். மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்க இங்கு 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் குறிப்பாக அழைப்பது 35, 45 வயதினரை. கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அது சரி. மார்பகத்துக்கோ ஐம்பதைத் தாண்டிய அம்மாமாரும் விடுபடக் கூடாது.

வாவி மட்டக்களப்பு மாவட்டத்தைக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை எனப் பிரிக்கிறது. போதனா வைத்தியசாலை நகரில். வயலும் மாடுமாக வாழும் கிராமங்களில் பல மேற்குக் கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் 'பாதை' எனும் மிதவைப் படகில் வாவியைக் கடந்தனர். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான், ஆனால் பஸ் காசும் போகும் நாட்கூலியும் இலவசமல்ல. ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவதும் எளிது.

கதிர்ச்சிகிச்சைக்கு நெடுங்காலம் 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலை போன்ற தூர இடங்களையே நாட வேண்டியிருந்தது. கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குப்பின் பொதுவாகக் கதிர்ச்சிகிச்சை அவசியம். அதற்குப் பல வாரங்கள் தொடர்ந்து போக முடியாதவருக்கு முழு மார்பகத்தையும் அகற்றுவதே பாதுகாப்பான தெரிவாகிவிடுகிறது. ஹோர்மோன் ஏற்பி உள்ள வகைக்கு விலை குறைந்த தமொக்சிபன் மாத்திரை பெரிதும் உதவும். வகையை அறியத் திசுச் சோதனை முதலில் வேண்டும்.

ஆகவே இப்பகுதிக்கு நடமாடும் மமோகிராம் வண்டியைவிட முந்தித் தேவைப்படுவது, திசுச் சோதனை முடிவைத் தாமதமின்றித் தரும் ஆய்வுகூடமும், படுவான்கரையிலிருந்து வருவோருக்குப் பயணச் செலவும்.