கொலிங்வூட் சுவர்களும் எங்கள் வீட்டு நீலச் சுவரும்



சென்ற மாதம் வானொலியில் கொலிங்வூட் சுவரோவியங்களைப் பற்றிப் பேசியபோது நேரம் போதவில்லை. "அண்ணை, மிச்சத்தை எழுத்திலே தாங்கோ" என்று சிலர் தொலைபேசியில் கேட்டார்கள். அதற்காகவே இக்கட்டுரை. நான் ஓவியம் படித்தவன் அல்லன். வணிகவியல் படித்துக் கணக்கெழுதிச் சீவிப்பவன். எனவே இதில் கலை விமர்சனம் குறைவாகவும் கணக்கு விவகாரம் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பொயிண்ட் குக்கில் வீடு கட்டியபோது, காணி விற்ற நிறுவனம் ஒப்பந்தத்தோடு ஒரு நிறப் பட்டியலையும் தந்தது. சாம்பல், மண்ணிறம், மங்கலான வெள்ளை. வீட்டின் முன்பக்கத்துக்கு இவற்றுக்கு வெளியே எதுவும் அடிக்கக்கூடாது. நான் ஒரேயொரு சுவருக்கு நீலம் அடிக்கலாமா என்று கடிதம் எழுதிக் கேட்டேன். மறுத்துவிட்டார்கள். மனைவி சிரித்தா. "காணிக்குக் காசு நாங்கள் கட்டுறம், நிறம் அவையள் சொல்லுகினம்" என்றா. ஏன் நீலம் கேட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சாம்பல் நிறத் தெருக்களிலிருந்து புகையிரதம் ஏறி நகருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு புகையிரதத்தில் கொலிங்வூட் போனால் வேறு உலகம். 1997 இல் நான் மெல்பேர்ண் வந்த புதிதில், அங்கே ஓர் உடுப்புத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. யோன்ஸ்டன் வீதியால் பஸ்ஸில் போகும்போது ஒரு பழைய தொழில்நுட்பக் கல்லூரிச் சுவர் தெரியும். மங்கிய மஞ்சளில் ஒரு பெரிய மயிர்க்கொட்டி, தலைக்குப் பதிலாகக் கணினி, கீழே கைகால் விரித்து ஆடும் மனிதர்கள். பள்ளிப் பிள்ளைகள் கீறியது என்றே ஒரு வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை வரைந்தவர் நியூயோர்க்கின் கீத் ஹேரிங் என்ற உலகப் புகழ்பெற்ற ஓவியர். 1984 இல் மெல்பேர்ணுக்கு வந்தவர், முதலில் விக்டோரியத் தேசிய ஓவியக் கூடத்தின் நீர்ச்சுவர்க் கண்ணாடியில் வரைந்தார். அதில் ஒரு கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். அந்த ஓவியம் இன்று இல்லை. கொலிங்வூட் கல்லூரிச் சுவரை மார்ச் மாதத்தில் ஒரே நாளில் வரைந்து முடித்தார். 1990 இல், 31 வயதில், எயிட்ஸ் நோயினால் இறந்தார். பணக்காரர் கூடும் இடத்தில் வரைந்தது போய்விட, தொழிலாளர் பகுதியில் வரைந்தது நின்றுவிட்டது.

அதுவும் தானாக நிற்கவில்லை. 2004 இல் விக்டோரிய மரபுரிமைப் பதிவேட்டில் சேர்த்தார்கள். மங்கிய சுவரைப் புதிதாக அடிப்பதா, இருப்பதைக் காப்பதா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. கடைசியில் 2013 இல் இத்தாலியிலிருந்து அந்தோனியோ ராவா என்ற நிபுணர் வந்து, ஹேரிங்கின் கைபட்ட வர்ணத்தைக் கழற்றாமல் திருத்தினார். அதே வருடம் இன்னொரு சம்பவம். ஓவியம் வரைந்த காலத்தில் சுவரிலிருந்த ஒரு சிறு கதவில் ஹேரிங் கையொப்பமிட்டிருந்தார். அந்தக் கதவு பல வருடங்களுக்கு முன் களவு போயிருந்தது. எடுத்தவர் பெயர் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கல்லூரி வளவு இப்போது கொலிங்வூட் யார்ட்ஸ் என்ற கலை வளாகம்.

அங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், வெலிங்ரன் வீதி 240 ஆம் இலக்கத்தில், இருபது மாடி அரசாங்கத் தொடர்மாடி ஒன்று நிற்கிறது. அதன் ஒரு பக்கச் சுவர் முழுவதும் 2018 இல் மெல்பேர்ண் ஓவியர் அட்னேற் நான்கு முகங்களை வரைந்தார். நான்கு பேரும் அங்கே வசித்தவர்கள். தென்னரைக் கோளத்தின் மிக உயரமான சுவரோவியம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த வருடக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அப்போது அவ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தா. அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டா: "அப்பா, அப்ப இது அவையின்ரை வீடோ?"

"இல்லை மகள், அரசாங்கத்தின்ரை. அவை வாடகைக்கு இருக்கினம்" என்றேன்.

"முகம் அவையின்ரை, சுவர் வேற ஆக்களின்ரையோ?"

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் கொலிங்வூட்டின் பழைய கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

இது வுருஞ்செரி மக்களின் நிலம். வெள்ளைக் குடியேற்றத்துக்குப் பின், யாரா ஆற்றோரத் தாழ்நிலத்தில் தோல் பதனிடும் ஆலைகளும் சப்பாத்துத் தொழிற்சாலைகளும் வந்தன. அவற்றைச் சுற்றி ஏழைத் தொழிலாளரின் ஒடுக்கமான வீடுகள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அப்போது ஒருவர் கமராவோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். அவர் பெயர் ஒஸ்வால்ட் பார்னெட். தொழில் என்ன தெரியுமா? என்னைப் போல் ஒரு கணக்காளர்! மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் முதுமாணிப் பட்டத்துக்குச் சேரிகளின் பொருளாதாரத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்தவர். ஓட்டைக் கூரைகளையும் அழுக்கு முற்றங்களையும் பிள்ளைகளையும் படம் எடுத்தார். 1936 இல் அப்போதைய மாநிலப் பிரதமர் அல்பேட் டன்ஸ்ரனையே அந்த ஒழுங்கைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதன் விளைவாக முதலில் ஒரு விசாரணைச் சபையும், 1938 இல் விக்டோரிய வீடமைப்பு ஆணையமும் தோன்றின. பார்னெட் அதன் உபதலைவராகி 1948 வரை இருந்தார். அவருடைய படங்கள் இன்று மாநில நூலகத்தில் இருக்கின்றன.

பார்னெட்டின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. அவர் போன பிறகு அந்தக் குறை இன்னும் வளர்ந்தது. 1960 இல் வீடமைப்பு ஆணையத்தின் இரண்டு அதிகாரிகள் காரில் தெருத்தெருவாகப் போய், எந்தப் பகுதியை இடிப்பது என்று குறித்தார்கள். பெரும்பாலும் காரை விட்டு இறங்காமலே வீடுகளைப் பார்த்ததால், அந்த மதிப்பீட்டுக்குக் கார்க் கண்ணாடிக் கணக்கெடுப்பு என்று பின்னால் பட்டப் பெயர் வந்தது. உள்ளே எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் கார்க் கண்ணாடியால் தெரியாதல்லவா?

வீடுகள் இடிந்தன. அவ்விடத்தில் கொங்கிறீற் பலகைகளை அடுக்கித் தொடர்மாடிகள் எழுந்தன. பலகைகளை வார்த்த ஹோம்ஸ்கிளென் ஆலை, போர்க்காலத்தில் யுத்த தாங்கி செய்வதற்கென்று கட்டப்பட்ட இடம். காள்ற்றன், பிற்ஸ்றோய் மக்கள் சங்கம் அமைத்துப் போராடியதால், 1970களின் தொடக்கத்தில் பெருமளவு இடிப்பு கைவிடப்பட்டது. கட்டிய மாடிகளுக்குப் பின்னர் வியட்நாமியர் வந்தார்கள், அதற்குப் பிறகு சோமாலியா, எத்தியோப்பியா, எரித்திரியா போன்ற நாடுகளிலிருந்து ஓடி வந்தவர்கள் வந்தார்கள். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வியட்நாமிய அக்கா, அங்கே ஒரு மாடியில் குடும்பத்தோடு இருந்தா. என் முதலாவது நத்தார் விடுமுறையில் சோறு தந்தது அந்த வீடுதான்.

நாங்களும் ஓடி வந்தவர்கள். ஆகவே மிச்சக் கதை எங்களுக்கு அந்நியமாக இராது. 2020 யூலை 4 ஆந் திகதி, கொரோனா காலத்தில், பிளெமிங்ரன், வட மெல்பேர்ண் பகுதிகளில் ஒன்பது தொடர்மாடிகள் முன்னறிவித்தல் இன்றிப் பூட்டப்பட்டன. சுமார் 3,000 பேர் உள்ளே, வாசலில் பொலிஸ். அது மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது என்று அந்த வருடம் டிசெம்பரில் மாநில முறைகேள் அதிகாரி அறிக்கை வெளியிட்டார். பின்னர் 2023 செப்டெம்பரில் மாநில அரசு இன்னொரு முடிவை அறிவித்தது. மெல்பேர்ணில் உள்ள 44 உயர்மாடிகளும் 2051 க்குள் படிப்படியாக இடித்துக் கட்டப்படும். கட்டடங்கள் பழசாகிவிட்டன, திருத்துவது கட்டுபடியாகாது என்பது அரசின் வாதம். திரும்பி வர இடம் கிடைக்குமா, அதுவரை எங்கே போவது என்பது குடியிருப்பாளரின் கேள்வி. நான்கு முகங்கள் உள்ள வெலிங்ரன் வீதிச் சுவரும் அந்த 44 க்குள் அடங்கும்.

என் தொழில் மொழியில் சொல்வதானால், ஐந்தொகையில் கட்டடம் ஒரு சொத்து. வருடா வருடம் பெறுமானத் தேய்வு கழித்துக்கொண்டு போனால் ஒரு நாள் பூச்சியமாகும். அந்தச் சுவரில் உள்ள முகமும், உள்ளே வளர்ந்த பிள்ளைகளும், பக்கத்து வீட்டு அக்காவின் சோறும் எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. பூச்சியம் என்று தெரிந்ததும் இடிக்கலாம் என்று கணக்கு சொல்லும்.

இது மெல்பேர்ணில் மட்டும் நடப்பதில்லை. சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் கண்ணகி நகர் இருக்கிறது. நகரத்துச் சேரிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000 ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். சுனாமியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் அங்கே போயின. வேலைத்தலமும் பள்ளியும் தூரமாகிவிட்டன என்பது அவர்களின் நெடுநாள் முறைப்பாடு. 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு ஓவியர்களைக் கூட்டி வந்து, அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைவித்தது. அதுவரை கெட்ட பெயரோடு மட்டும் செய்தியில் வந்த இடத்தை ஆட்கள் பார்க்க வந்தார்கள். அது நல்ல காரியம்தான். அகற்றப்பட்டவர்களின் முகவரிக்கு ஒரு மதிப்பு வந்தது. ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸின் தூரத்தை எந்த வர்ணமும் குறைப்பதில்லை.

ஓவியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹேரிங்கின் சுவர் நாற்பது வருடம் நின்றதற்குக் காரணம், அதற்காகப் பேசிய ஆட்களும் சட்டத்தில் ஒரு பதிவும் இருந்ததுதான். வெலிங்ரன் வீதி முகங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சுவரில் உரிமை இல்லை. மகளின் கேள்விக்கு நான் கண்ட விடை அவ்வளவுதான். படம், இங்கே ஒருவர் வாழ்ந்தார் என்று சொல்லும். அவர் இனியும் வாழலாம் என்று சொல்ல வேறு பத்திரம் வேண்டும்.

இப்போது நீலச் சுவருக்கு வருகிறேன். வலிகாமம் வடக்கில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவருக்குத் தைப்பொங்கலுக்கு முதல் ஐயா சுண்ணாம்பில் நீலத்தூள் கலந்து அடிப்பார். நாங்கள் வாளி பிடிப்போம். 1990 இல் அங்கிருந்து ஓடினோம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகியது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து எங்கள் பக்கத்துக் காணிகளை விட்டபோது தம்பி போய்ப் பார்த்தான். வீடு இல்லை. சுவர் இல்லை. கிணற்றை வைத்துத்தான் இது எங்கள் வளவு என்று அடையாளம் கண்டான். ஆனால் அம்மா ஒவ்வொரு இடப்பெயர்விலும் சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோன காணி உறுதி இருந்தது. அந்த நீலச் சுவருக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் நின்று எடுத்த ஒரு படமும் அதே சேலைக்குள் இருந்தது. உறுதியைக் காட்டித்தான் தம்பி காணியைப் பொறுப்பேற்றான். படத்தைக் காட்டித்தான் நான் என் பிள்ளைகளுக்கு ஊரைச் சொல்கிறேன். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் எங்கள் கணக்கு பாதியாகியிருக்கும்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்கு முன்னால், கடைக்கு முன்னால் நின்று எடுத்த பழைய படங்கள் உங்களிடம் இருந்தால் இந்த மாதமே வெளியில் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் நிற்பவர்களின் பெயர், ஊர், வருடம், காணியின் பெயர் எழுதுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். உறுதிகளைப் பிரதி எடுத்துப் பிள்ளைகளிடமும் ஒன்று கொடுங்கள். ஊர்ப் படங்கள் மட்டுமல்ல, இங்கே வந்த புதிதில் தொடர்மாடிகளில் இருந்தவர்கள் அந்த நாட்களின் படங்களையும் தேடுங்கள். கொலிங்வூட்டிலோ றிச்மண்டிலோ பிளெமிங்ரனிலோ இருந்த குடும்பங்கள் வானொலிக்கு வந்து கதைத்தால், அடுத்த பேச்சை நான் விட்டுத்தருவேன்.

எங்கள் நீலச் சுவர்ப் படத்தின் பின்பக்கம் இவ்வளவு காலமும் வெறுமையாகத்தான் இருந்தது. இதை எழுதத் தொடங்கிய அன்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு எழுதி முடித்தேன். ஏழு பேரின் பெயர்கள். அதில் இருவர் இப்போது இல்லை. கடைசியில் நிற்கும் சிறுமி யார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. பக்கத்து வளவுப் பிள்ளை, படம் எடுக்கும் சத்தம் கேட்டு ஓடி வந்து நின்றவளாம். அவளின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.