கத்தியும் ஊசியும்

எங்க ராமநாதபுரம் கடக்கரைப் பக்கம் மடியில மடக்குக் கத்தி இல்லாம பெருசுங்க வெளிய கெளம்ப மாட்டாங்க. நுங்கு சீவ, கயிறு அறுக்க எல்லாத்துக்கும் அதுதான். கைக்கு அடக்கமானது, கூப்பிட்ட நேரத்துக்கு உதவுவது. அதனால் அதன்மேல் ஒரு பிரியம்.

இந்தக் கத்திக்குப் படித்த உறவு ஒன்று உண்டு: மடக்கெழுத்தாணி. பிடியின் ஒரு பக்கம் ஓலை வாரக் கத்தி, மறுபக்கம் எழுத ஊசி. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் இதை விவரிக்கிறார். பிடி மாட்டுக்கொம்பாலும் செய்வார்களாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் சுவடியின் பெருமை சொன்னார்கள். செத்த மாட்டைத் தூக்கியவன் யார், உரித்தவன் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொம்பு சரஸ்வதி பூசைக்குப் போகலாம். உரித்தவன் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக்கூடாது.

இது பழங்கதை இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்டோர்மீது 8 தடைகள் விதித்தனர். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் அவை 11 தடைகளாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் இரண்டையும் பதிவு செய்திருக்கிறார். முதல் பட்டியலில் சட்டை, குடை, செருப்பு கூடாது. இரண்டாவதில், பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும்.

இரண்டிலும் கத்திக்குத் தடை இல்லை. எப்படி இருக்கும்? புல்லறுக்க, கதிரறுக்க நம்ம கையில கத்தி வேணுமே அவங்களுக்கு! ஊசிதான் கூடாது.

1957 முதுகுளத்தூரை எழுதும் தோழர்கள் வெட்டுக்குத்தில் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தை மறித்த அந்த 1931இலிருந்து தொடங்குங்கள்.