வைரஸ் தொடாத கொசுத்தேனீ

தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகர்கோவில் பக்கம் போகும் பஸ்ஸில் நம்மில் பலர் ஏறியிருப்போம். தென்னாட்டுத் தேனீ வளர்ப்பின் சரித்திரம் பெருமளவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சுமார் பத்துக் கிலோமீட்டரில் வெள்ளாயணி வேளாண் கல்லூரி, இன்னும் தெற்கே போனால் மார்த்தாண்டம்.

மார்த்தாண்டம் முன்பு திருவிதாங்கூரில் இருந்த ஊர். திருச்சிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த சிறு மரப்பெட்டி 1910-களில் பரவ ஆரம்பித்தது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச், மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு நிலையம் அமைத்துக் கோழி, தேனீ என்று ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக் காம்பில் சுரக்கிறது! பெட்டிகளும் பெருகின.

எல்லாப் பெட்டியிலும் ஒரே இனம், இந்தியத் தேனீ. எங்கள் பாஷையில் சொன்னால், மொத்தக் கடனையும் ஒரே ஆளுக்குக் கொடுத்த மாதிரி.

1991-இல் அடி விழுந்தது. தாய்லாந்தில் 1976-இல் அறியப்பட்ட 'தாய் சாக்புரூட்' வைரஸ் இங்கே வந்து சேர்ந்தது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் கோத்த பை போலாகிச் செத்துவிடும். ஒன்றிரண்டு வருஷத்தில் கேரளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கூட்டங்கள் அழிந்தன. காலிப் பெட்டிகள் விறகாயின என்றாலும் ஆச்சரியமில்லை.

அதே தோட்டங்களில், சுவர்ப் பொந்திலும் மூங்கில் குழாயிலும் இருந்த கொசுத்தேனீ (மலையாளத்தில் செறுதேனீச்ச) பிழைத்தது. எப்படி? இந்தியத் தேனீயில் செவிலித் தேனீக்கள் புழுக்களுக்குத் திரும்பத் திரும்ப ஊட்டுகின்றன. வாய் வழியே வைரஸும் அறை அறையாகப் போகிறது. கொசுத்தேனீயோ அறையில் முழு உணவையும் ஒரே தடவையில் நிரப்பி, ராணி முட்டையிட்டதும் மூடி முத்திரை வைத்துவிடும். அப்புறம் யாரும் திறப்பதில்லை. இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. போதாததற்குக் கூடு முழுக்கக் கிருமியை எதிர்க்கும் பிசின் பூச்சு.

வருஷத்துக்கு ஒரு கிலோ கிடைத்தாலே பெரிசு. ஆனால் ஆயுர்வேதத் தேவையால் விலை பல மடங்கு. வெள்ளாயணி ஆய்வு மையம் வளர்ப்பு முறைகளைச் சீர்செய்து பயிற்சி தர, பொந்துத் தேனீ வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

அதற்காக நோயே வராத பிராணி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியக் கொசுத்தேனீ, கூட்டுக்குள் நுழையும் வண்டைப் பிசினும் மெழுகும் மண்ணும் பூசி உயிரோடு சமாதி கட்டும் சூரன்தான். ஆனால் அதே நாட்டில், கொசுத்தேனீப் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா நோய் ஒன்றை 2017-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

நம் ஊரில் பெரிய தொல்லை ஈக்கள். கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கத் திறந்தால் மகரந்தப் பானைகள் உடையும். அந்தப் புளித்த வாசனைக்குப் படைவீரன் ஈயும் ஃபோரிட் என்ற சிற்றீயும் தேடி வந்து முட்டையிடும். புழுக்கள் சேமிப்பைத் தின்று, பலவீனமான கூட்டத்தையே முடித்துவிடும். அதனால் விவரமறிந்தவர்கள் உடைந்த பானைகளை அகற்றிவிட்டு, பெட்டி இடுக்குகளில் உடனே டேப் ஒட்டுகிறார்கள். தேனீக்கள் பிசின் பூசி முடிக்கும்வரை அந்த டேப்தான் காவல்.