ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, பரப்புக்கு எவ்வளவு?

அரசாங்கம் உர மானியத்தைக் கணக்கிடுவது ஹெக்டேயரில். கொக்குவிலில் காணியைச் சொல்வது பரப்பில். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறத்தாழ 40 பரப்பு. 40 பரப்பை ஒரே கையில் வைத்துத் தோட்டம் செய்கிறவரை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை.

2024/25 பெரும்போகத்துக்கு நெற்செய்கையாளரின் மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு உச்ச அளவு 2 ஹெக்டேயர். இதைப் பரப்புக்குப் பிரித்தால் ஏறக்குறைய 630 ரூபா. 6 பரப்பு வயல் விதைத்தவருக்கு 3,800 ரூபா வரும். கமநல சேவை நிலையத்துக்கும் வங்கிக்கும் அலைகிற நாட்களின் கூலியைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் வருடத்தில் ஒரு தடவைதான். குடாநாட்டில் நெல் மழையை நம்பிய காலபோகப் பயிர். இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகமும் செய்கிற கிளிநொச்சிக்காரருக்கு இரண்டாவது தடவையும் கிடைக்க இடமுண்டு.

இந்த மானியம் 1962இல் தொடங்கியபோதே நெல்லை மனதில் வைத்துத்தான் தொடங்கியது. 2005இன் பின் நெல்லுக்கான 50 கிலோ உரப் பை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016இல் பையை நிறுத்திப் பணமாகக் கொடுத்தார்கள்: நெல்லுக்கு ஹெக்டேயருக்கு வருடம் 25,000 ரூபா, வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு 10,000 ரூபா. பரப்புக்கு 250 ரூபா! 2018இல் மறுபடியும் பை வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியே தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. 2022இல் இந்தியக் கடனில் வந்த யூரியாவை அரசாங்கமே பை 10,000 ரூபாவுக்கு விற்றது. பிறகு மீண்டும் பணம். இத்தனை மாற்றத்திலும் நெல்லுக்குத்தான் முதலிடம்.

வலிகாமத்துத் தோட்டக்காரரின் செலவு வேறு மாதிரி. அவருக்கு உரத்தோடு இறைப்பும் பெரிய செலவு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, கிணற்றடியில் இயந்திரம் வைத்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்தவர்கள் பட்ட பாட்டை ஹெக்டேயர்க் கணக்கு காட்டாது. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி மானியமே அல்ல. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் கிடைத்த விலைதான் அது. அந்தக் காசில் எழும்பிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு அந்த விலையும் போனது.

அழிவு நட்டஈட்டிலும் இதே கதைதான். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்று அறிவித்தபோது சொல்லப்பட்ட பயிர்கள் ஆறு: நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம். எங்கள் தோட்டங்களில் நிற்பது சின்ன வெங்காயம்.

இன்னொரு சிக்கல் காணியின் பெயர். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். இங்கே ஒருவர் வாய்ப்பேச்சுக் குத்தகையில் செய்வார். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் பயிர்செய்பவரையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாதவர் தன்னைப் பயிர்செய்பவர் என்று காட்டுவது எப்படி? குத்தகைக்குச் செய்கிறவர்கள் உரிமையாளரிடம் ஒரு கடிதமாவது வாங்கிவைத்து, போகம் தொடங்குமுன் கமக்கார அமைப்பிலும் கமநல சேவை நிலையத்திலும் விபரத்தைப் பதிவது நல்லது. வங்கிக் கணக்கு விண்ணப்பதாரரின் பெயரிலேயே இருக்கட்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முதலே பார்த்துவிடுங்கள்.